ரிசோர்ட்டில் இலவசக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்

மெக்சிகோவின் கரீபியன் கரைக்கு, கன்கூனுக்கோ ரிவியேரா மாயாவுக்கோ, ஒரு கிழமை 'எல்லாம் அடக்கம்' விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பெட்டி அடுக்குங்கள். ஜூன் கடைசியில் நான், மனைவி, மாமி மூவரும் ரொறன்ரோவிலிருந்து போனோம். ஆளுக்கு 1,850 கனேடிய டொலர். விமானம், அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் அதற்குள். திரும்பி வரும்போது அதற்கு மேல் 2,900 அமெரிக்க டொலர் என் கடனட்டையில் ஏறியிருந்தது. யாரும் களவெடுக்கவில்லை. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கன்கூன் விமான நிலையத்தில் சுங்கம் தாண்டி வெளிக்கதவுக்குப் போகும் வழியில் ஒரு மண்டபம் வரும். இரண்டு பக்கமும் மேசைகள், சீருடைகள், கழுத்தில் தொங்கும் அட்டைகள். "எந்த ஹோட்டல்? உங்கள் வண்டி இங்கேதான்" என்று மறிப்பார்கள். உங்கள் வண்டிக்காரர் அங்கே இல்லை; கட்டடத்துக்கு வெளியே வெயிலில் பெயர்ப்பலகையோடு நிற்கிறார். மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் டைம்ஷேர், அதாவது ரிசோர்ட் அறையை வருடத்தில் சில நாள் பயன்படுத்தும் உரிமை, விற்பனைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். இதைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் முன்பே சொல்லியிருந்ததால், யாருக்கும் பதில் சொல்லாமல் மாமியின் சக்கரப்பெட்டியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வண்டியில் ஏறியதும் என் கெட்டித்தனத்தை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ரிசோர்ட்டில் கைப்பட்டி கட்டிய கையோடு, "அடுத்த மேசையில் ஒரு நிமிடம் உட்காருங்கள்" என்றார்கள். அது ஹோட்டல் மேசை என்றே நினைத்தேன். அங்கே ஆறு உணவகங்கள். பஃபே எந்நேரமும் திறந்திருக்கும். மற்ற ஐந்துக்கும் முன்பதிவு வேண்டும். மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வியாழன் வரை இடமே இல்லையாம். ஆனால் செவ்வாய் காலை ஒரு விசேஷச் சாப்பாடு இருக்கிறது, தொண்ணூறு நிமிடம் மட்டும். வந்தால் ஐந்து உணவகங்களிலும் இடம் எடுத்துத் தருவதோடு, பழைய மாயா நகரமான சிச்சென் இட்சாவுக்குச் சுற்றுலாவும் பாதி விலையில் தருவாளாம். பிறகு கேள்விகள்: திருமணமாகி எத்தனை வருடம், வீடு சொந்தமா, என்ன வேலை. இருவரும் சேர்ந்தே வர வேண்டும், கடனட்டையும் கையில் இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு இந்தக் கேள்விகளை எந்தத் தோசைக்கடையில் கேட்பார்கள்? அப்போது எனக்குத் தோன்றவில்லை.

(உணவக முன்பதிவுக்கென்று தனி மேசை ஒன்று நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே புதன்கிழமை கேட்டபோது அன்றிரவே இடம் கிடைத்தது.)

செவ்வாய்க்கிழமை. சாப்பாடு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. எங்களுக்கென்று அமர்த்தப்பட்ட இளைஞன் முதல் அரைமணி நேரம் எதையும் விற்கவில்லை. இலங்கை என்றதும் தன் நெருங்கிய நண்பனின் மனைவி கண்டி என்றான். மாமியின் முழங்கால் வலிக்கு மருந்து சொன்னான். அதன்பிறகுதான் பெரிய மண்டபத்துக்குக் கூட்டிப்போனான். முப்பது மேசைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எங்களைப்போல ஒரு குடும்பம். எங்கோ ஒரு மேசையில் யாராவது கையெழுத்திட்டால் மணி அடிக்கும், ஷாம்பெய்ன் மூடி பறக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் மணிக்கு நானும் கைதட்டினேன்.

அவன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வருடத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறோம், இருபது வருடத்துக்கு எவ்வளவு என்று தடித்த பேனாவால் கணக்குப் போட்டான். விற்க வந்தது டைம்ஷேர் அங்கத்துவம்; விலை 38,000 டொலர். முடியாது என்றோம். மேலாளர் வந்தார், 21,000 ஆனது. எழுந்தோம். மூன்றாவதாக ஒருவர் வந்து, யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அங்கத்துவம் ஒன்று இருக்கிறது, 9,800, இன்றைக்கு மட்டும் என்றார். விலை இறங்க இறங்க நமக்கு லாபம் ஏறுவதுபோல் ஒரு மயக்கம் வருகிறது பாருங்கள், அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். மூன்றரை மணி நேரமாகியிருந்தது. மாமிக்குச் சீனி இறங்கி முகம் வியர்த்தது.

மாமி அதுவரை கேட்ட கேள்வி ஒன்றுதான். "தம்பி, அப்போது சாப்பாடும் அடக்கமா என்று கேளுங்கள்." கேட்டேன். "நிச்சயமாக, எல்லாம் அடக்கம்" என்று அந்த இளைஞன் வெள்ளைத்தாளில் அதை எழுதி இரண்டு கோடும் கீறினான். முற்பணம் 2,900 கட்டிக் கையெழுத்திட்டேன். எங்களுக்கும் மணி அடித்தது. வெளியே வரும்போது அந்தத் தாளைக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே அதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

தாளில் இருந்தது எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. ஒப்பந்தம் நாற்பது பக்கம். புதன் இரவு அதைப் படமெடுத்து ரொறன்ரோவில் சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் பெறாமகளுக்கு அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் அழைத்தாள். வாங்கியது அறைக்கான உரிமை மட்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் சாப்பாட்டுக்கும் குடிவகைக்கும் ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். போனாலும் போகாவிட்டாலும் வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதைக் கூட்ட அவர்களுக்கு உரிமையும் உண்டு. வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்பி இதை வாங்கவில்லை என்று ஒரு பக்கம், அதற்குக் கீழே என் சுருக்கொப்பம். "சித்தப்பா, இதையாவது வாசித்தீர்களா?" என்றாள். பேசாமல் இருந்தேன்.

அவள் கண்டுபிடித்த இன்னொரு பக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. மெக்சிகோவில் டைம்ஷேர் ஒப்பந்தம் செய்தவர் ஐந்து வேலை நாட்களுக்குள் தண்டமின்றி அதை ரத்துச் செய்யலாம். அந்த நாட்டின் விதி அது. அங்கே கையெழுத்திட்டுவிட்டு இப்போது தலையில் கைவைத்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். முதலில் கடிதத்தை எழுதுங்கள்.

வியாழன் காலை கடிதத்தோடு போனேன். இரண்டு நாளுக்கு முன் எங்களுக்குக் கைதட்டிய அதே பெண், மேலாளர் இல்லை, திங்கள் வாருங்கள் என்றாள். ஞாயிறு எங்கள் விமானம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன், மறுத்தாள். மேசையில் கடிதத்தை வைத்து, சுவர்க் கடிகாரமும் தெரியப் படமெடுத்தேன். ஒப்பந்தத்தில் இருந்த எல்லா மின்னஞ்சல் முகவரிகளுக்கும் அதையே அனுப்பினேன். அந்தக் கரையிலுள்ள பிளாயா டெல் கார்மென் நகருக்குப் போய், கூரியரில் பற்றுச்சீட்டோடு இன்னொரு பிரதி அனுப்பினேன். அன்றிரவே கடனட்டை வங்கிக்கும் அழைத்துச் சொன்னேன். மெக்சிகோவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான புரோஃபெக்கோ வெளிநாட்டவரின் முறைப்பாடுகளையும் எடுக்கும் என்பதை ஊருக்கு வந்த பிறகுதான் அறிந்தேன், அங்கும் எழுதினேன். பதினொரு கிழமை கழித்துப் பணம் திரும்பியது. எந்தக் கதவு திறந்து வந்ததென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சிச்சென் இட்சா 'பாதி விலை'க்குள் நுழைவுச்சீட்டு சேர்த்தியில்லை என்பதால் அங்கே போகவே இல்லை.

கடற்பாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிக்கெட் எடுத்துத் தந்தவர் காட்டிய படத்தில் மணல் மாவுபோல் இருந்தது. நாங்கள் பார்த்தது முழங்கால் உயரத்துக்குக் குவிந்த பழுப்பு நிறச் சர்காசம், கூழ்முட்டை நாற்றத்தோடு. 2011இலிருந்து கரீபியன் முழுவதும் பெரிய அளவில் ஒதுங்குகிறது. அந்தக் கரையில் ஏறக்குறைய வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை. இதற்கு ரிசோர்ட்டைக் குறைசொல்ல முடியாது, உழவு இயந்திரம் விட்டுத் தினமும் அள்ளினார்கள். தெரிந்தும் ஜூனில் 'மலிவு' என்று தலையில் கட்டியவரைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பிளாயா டெல் கார்மெனிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போய்க் கொசுமெல் தீவில் இறங்கினோம். அதன் மேற்குக் கரையில் பாசியே இல்லை. மாமி சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்று, கால்விரலைச் சுற்றும் மீன்களை எண்ணினார். அந்தக் கிழமையில் நாங்கள் கொடுத்த காசு செரித்த ஒரே நாள் அது.

மரக்கறி சாப்பிடுபவர்களுக்கு: பஃபேயில் மசித்த அவரைக்கொட்டை இருக்கும், நம் பருப்புக்கறிபோலப் பழகிய ருசி. அதைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது அங்கே வழக்கம். அதற்கு 'மன்தேகா' என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மாமி வெள்ளிக்கிழமையும் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். மாமி இந்தப் பதிவை வாசிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இன்னொன்று, அங்கே பெசோவுக்கும் டொலர் குறியைத்தான் போடுவார்கள். விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், கையெழுத்திடும்போது எந்த நாணயம் என்று பார்க்காமல் விடவும் வேண்டாம்.

பணம் திரும்பியதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன மாதத்திலிருந்து அழைப்புகள் வருகின்றன. உங்கள் அங்கத்துவத்தை வாங்க ஆள் தயார், மெக்சிகோ அரசின் வரியை மட்டும் முன்கூட்டி அனுப்புங்கள் என்கிறார்கள். மிகவும் மரியாதையான குரல்கள். இந்த மறுவிற்பனை மோசடிக்குப் பின்னால் ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பல் இருப்பதாக அமெரிக்க நிதியமைச்சு 2023இலேயே ஆட்களையும் நிறுவனங்களையும் பெயர் குறித்துத் தடைவிதித்திருக்கிறது. எங்கள் பெயரும் இலக்கமும் யார் கைக்கு எப்படிப் போயின என்பது தெரியவில்லை.

நேற்று நான் வேலையில் இருந்தபோது வீட்டுத் தொலைபேசியை மாமி எடுத்திருக்கிறார். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாராம்: "சரி தம்பி, வாங்குகிற ஆளுக்குச் சாப்பாடும் அடக்கமா?"