மாசக்கணக்குல நிறுத்துற பைக்குக்கு ஸ்மார்ட் சார்ஜர்: 5 வருஷ அனுபவம்

ஆறு மாசம் பைக்க நிறுத்திட்டு போறேன், நீ வச்சிருக்கியே அந்த பேட்டரி சார்ஜர், அதையே வாங்கட்டுமான்னு பிரெண்டு கேட்டான். போன மாசம் கேட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்குடான்னு சொல்லிருப்பேன். இப்ப எனக்கு அது மேல செம கோவம்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். வருஷா வருஷம் 4 மாசம் என் வண்டி ஷெட்டுல தான் நிக்கும். இது வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி போயிடும். லெட் ஆசிட் பேட்டரி சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கும், 12.4 வோல்ட்டுக்கு கீழ ரொம்ப நாள் கிடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும், அப்புறம் எவ்ளோ ஏத்தினாலும் நிக்காது. இந்த சார்ஜர் ஃபுல்லா ஏத்திட்டு 13.5 வோல்ட் கிட்ட இறக்கி அப்படியே பிடிச்சு வச்சிக்கும். அஞ்சு வருஷம் ஒரே பேட்டரி ஓடுச்சு, ஊருக்கு வந்து இறங்குன அன்னிக்கே ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், அந்த சத்தம் கேட்டா அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

இந்த தடவ நடுவுல எப்பவோ கரண்ட் போய் வந்திருக்கு. கரண்ட் திரும்ப வந்தாலும் இந்த சார்ஜர் தானா ஆரம்பிக்காது, மோட் பட்டன நாம அமுக்கணும்! ஷெட்டுல யாரு இருக்கா அமுக்க? வண்டில ஜிபிஎஸ் டிராக்கர் வேற மாட்டியிருக்கேன். அது 10 மில்லியாம்ப் இழுத்தாலே ஒரு நாளைக்கு கால் ஆம்பியர் அவர் கிட்ட போயிடும், 9 ஆம்பியர் அவர் பேட்டரி அஞ்சாறு வாரத்துல காலி. வந்து மீட்டர் வச்சு பாத்தா 6 வோல்ட் சொச்சம். சரி சார்ஜ் போடலாம்னா சிவப்பு லைட் மினுக்குது, 8 வோல்ட்டுக்கு கீழ இருந்தா பேட்டரியே இல்லன்னு நெனச்சிக்குமாம். ரொம்ப தேவப்படுற நேரத்துல கைய விரிச்சா எப்படி? கடைசில கார் பேட்டரிய பேரலல்ல (பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ்) மாட்டி, அதோட வோல்ட்டேஜ பாத்து சார்ஜர் ஒருவழியா ஆரம்பிச்சுது, அப்புறம் கார் பேட்டரிய எடுத்துட்டேன். ஆனா பேட்டரி பழைய மாதிரி இல்ல, காலைல செல்ஃப் இழுக்குது.

மத்தபடி நான் பண்றதெல்லாம் வழக்கமானது தான், டேங்க் ஃபுல் பண்ணி பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டுவேன், ஆயில் மாத்துவேன், செயினுக்கு எண்ணெய், மெயின் ஸ்டாண்ட், காத்து போற துணி கவர். கார்புரேட்டர் வண்டின்னா அதோட கிண்ணத்துல இருக்க பெட்ரோலயும் எடுத்துடுங்க, பெட்ரோல் போற சின்ன ஓட்டை, அதான் பைலட் ஜெட், அடைச்சா பெரிய தலவலி. வாரம் ஒரு தடவ அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைன்னு சொல்றவங்க பேச்ச மட்டும் தயவு செஞ்சு கேக்காதீங்க. செல்ஃப் இழுத்த சார்ஜ் ஐட்லிங்ல திரும்பி வராது, இன்ஜின் சரியா சூடாகாம சைலன்சர்லயும் ஆயில்லயும் தண்ணி தான் சேரும்.

பிரெண்டு கிட்ட இந்த மாடல் வேணாம்னு சொல்லிட்டேன். கரண்ட் போய் வந்தா தானா ஓடுமான்னு கடைக்காரன் கிட்டயே பிளக்க புடுங்கி மாட்டி காட்ட சொல்லு, அப்புறம் காசு குடுன்னேன். என்னோடத தூக்கி போட இன்னும் மனசு வரல, அஞ்சு வருஷம் உழைச்சிருக்கு. டிராக்கர் ஃபியூஸ கழட்டிட்டு திரும்ப அதையே தான் மாட்டி வச்சிருக்கேன்.