கடைசி மடிக்கணினியும் அணைந்த பிறகு: டஸ்க் ஓஎஸ்ஸா, கொலாப்ஸ் ஓஎஸ்ஸா?

புதிதாக ஒரு சிப்கூட எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வராது என்று ஒரு நாள் வந்தால், கையில் இருக்கும் கணினிகளை எத்தனை காலம் ஓட்ட முடியும்? கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த நிரலாளர் வெர்ஜில் டுப்ரா இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளை எழுதி வைத்திருக்கிறார். இரண்டுமே இயங்குதளங்கள், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள். 2019இல் வெளிவந்தது கொலாப்ஸ் ஓஎஸ். சில ஆண்டுகள் கழித்து வந்தது டஸ்க் ஓஎஸ்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறதே, போதாதா? ஓடும்வரை போதும். ஆனால் அதன் மையப் பகுதியான கெர்னல் மட்டுமே 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. இணையம் இல்லாத ஊரில் ஒரே ஒருவர் உட்கார்ந்து அதைப் படித்துத் திருத்துவது நடக்காத காரியம். டுப்ராவின் இரண்டு இயங்குதளங்களையும் ஓர் ஆள் முழுதாகப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இதுதான் முதல் தகுதி.

டஸ்க், சரிவின் முதல் கட்டத்துக்கானது. உற்பத்தி நின்றுவிட்டது, ஆனால் பழைய 32 பிட் கணினிகள் வீடுதோறும் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்கிறது. பரவலாகப் புழங்கும் சி நிரல்மொழியைக் கிட்டத்தட்ட அப்படியே இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் ஒரு கம்பைலர் அதில் உண்டு. இருக்கும் சி நிரல்களைக் கொஞ்சம் மாற்றி ஓட்டலாம். ஃபேட் என்ற பழைய, பரவலான முறையில் கோப்புகளைச் சேமித்த வட்டுகளையும் படிக்கும். பழைய வட்டில் மாட்டிக்கொண்ட மருத்துவக் குறிப்பையோ விதைப் பட்டியலையோ மீட்க இது பெரிய உதவி.

கொலாப்ஸ் அதற்கும் அப்பால் போகிறது. நவீன கணினிகள் எல்லாம் செத்தபின் குப்பையில் என்ன கிடைக்கும்? இசட்80 என்ற பழைய பிராசசர் கிடைக்கும். 1976இல் வந்த இந்த சிப்பில் சுமார் 8,500 டிரான்சிஸ்டர்கள்தான். 40 கால்கள், இரண்டு கால்களுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர். சாதாரண சால்டரிங் அயனால் கழற்றி, இன்னொரு போர்டில் கையாலேயே பொருத்தலாம். இன்றைய செல்போன் பிராசசரை அப்படித் தொடவே முடியாது. இணைப்புகள் எல்லாம் சிப்பின் அடிவயிற்றில், கண்ணுக்கே தெரியாத சால்டர் உருண்டைகளாக இருக்கும். டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர், சேகா மாஸ்டர் சிஸ்டம் என்ற பழைய வீடியோ கேம் கருவி இரண்டிலும் இசட்80 உண்டு, இரண்டிலும் கொலாப்ஸ் ஓடும். 2024இல் அதைத் தயாரித்துவந்த சைலாக் நிறுவனம் பழைய 40 கால் இசட்80க்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அந்தச் செய்தி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

வசதி என்று பார்த்தால் கொலாப்ஸ் மிகவும் எளியது. கோப்பு என்பதே கிடையாது. வரிக்கு 64 எழுத்தாக 16 வரி கொண்ட கட்டங்களில்தான் எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும். ஆனாலும் உரை எழுதலாம், அசெம்ப்ளி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி, கருவிகளைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்ன சிப்பில் ஏற்றலாம், அது தன்னையே நகலெடுத்தும் தரும். தண்ணீர் மோட்டாரை இயக்கும் ஒரு சின்ன சிப்புக்கு நிரல் எழுத இவ்வளவு போதும். மின்சாரமும் சொற்பம்: சிறிய சோலார் பலகை ஒன்றில் ஓடிவிடும். டஸ்க் ஓடும் மேசைக் கணினிக்குப் பல பத்து வாட் வேண்டும். அதன் பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்களும் காலப்போக்கில் உலர்ந்துபோகும்.

இரண்டுமே ஃபோர்த் மொழியில் எழுதப்பட்டவை. கூட்ட வேண்டுமென்றால் 2 3 + என்று எழுத வேண்டும். முதலில் மிரட்டும்தான். ஆனால் “இரண்டையும் மூன்றையும் கூட்டு” என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் நமக்கு அந்த வரிசை புதிதல்ல.

என் தேர்வு? கற்றுக்கொள்ள டஸ்க், இன்றைக்கே ஒரு பழைய கணினியில் தொடங்கிவிடலாம். அப்புறம் கொலாப்ஸின் மூல நிரலைக் காகிதத்தில் அச்சடித்து, இரண்டு இசட்80 சிப்புகளோடு ஒரு தகரப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பென்டிரைவில் மட்டும் வைக்காதீர்கள்: மின்சாரம் படாமல் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகம் சில ஆண்டுகளில் மறக்கத் தொடங்கிவிடும்.