மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டையை அடைத்தவர் எவ்வளவு சொல்ல வேண்டும்?

2014 ஏப்ரல் 7 அன்று, இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் திட்டத்தார் வெளியிட்ட குறிப்பில் சில வரிகள்தான் இருந்தன. நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விடுபட்டுவிட்டது, அதனால் எதிர்முனையில் இருப்பவர் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை படித்துவிடலாம், 1.0.1ஜி பதிப்புக்கு மாறுங்கள். உடனே முடியாதென்றால் கோளாறு இருந்த ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும்) வசதியை நீக்கி மென்பொருளை மறுபடி தொகுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்பிளீட் என்ற பெயரில் பிரபலமான ஓட்டைக்கான குறிப்பு இது. இரவுப் பணியில் இருப்பவருக்கு வேண்டிய அனைத்தும் இதில் உண்டு. இப்படி வெளிப்படையாகச் சொன்னதற்கு விலையும் இருந்தது: சில நாட்களுக்குள் கனடா வருவாய்த் துறையின் சர்வரிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் பறிபோயின.

இதற்கு நேர் எதிர்த்துருவம் ஃபயர்வால் தயாரிக்கும் ஃபோர்ட்டிநெட் நிறுவனம். 2022 நவம்பர் இறுதியில் வந்த, அதன் ஃபயர்வால்களை இயக்கும் ஃபோர்ட்டிஓஎஸ் மென்பொருளின் 7.2.3 பதிப்பு, விபிஎன் பகுதியில் இருந்த கடுமையான ஓட்டை ஒன்றை அடைத்தது. வெளியீட்டுக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. டிசம்பர் 12 அன்றுதான் நிறுவனம் பகிரங்கமாக வாய் திறந்தது. ஓட்டை ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதுதான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட இரண்டு வாரங்களில் அந்தக் குறிப்பைப் படித்த நிர்வாகி எதற்காக அவசரப்பட்டிருப்பார்?

மௌனம் தாக்குபவரைத் தடுக்கும் என்பது பாதி உண்மைதான். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து வித்தியாசம் காட்டும் பின்டிஃப் போன்ற கருவிகள் உள்ளன. புதிதாக ஒரு நீளச் சோதனை முளைத்திருந்தால், அது எதைத் தடுக்க வந்தது என்று ஊகிப்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குப் பெரிய வித்தையல்ல. அதற்கு நேரம் பிடிக்கும் என்பது மட்டுமே மௌனத்தின் ஆதாயம்.

கூகுளின் குரோம் உலாவி நடுவழியில் செல்கிறது. 2024 மே மாதக் குறிப்பு ஒன்றில் ஓர் ஓட்டையைப் பற்றி சிவிஇ-2024-4947 என்ற பொது அடையாள எண், ‘வி8 இன்ஜினில் வகைக் குழப்பம்’ (குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி ஒரு வகைத் தரவை வேறு வகையாகக் கொள்ளும் பிழை) என்ற விளக்கம், இதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் நிரல் ஏற்கெனவே உலவுகிறது என்ற எச்சரிக்கை, அநேகமாக இவ்வளவுதான் இருந்தன. பெரும்பாலான பயனர்கள் புதுப்பித்துக்கொள்ளும்வரை முழு விவரத்தைக் கூகுள் திறந்துவிடாது. எனக்குப் பிடித்த முறை இதுதான். ஆனால் குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள். பயனர் குறிப்பைப் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. புதுப்பிப்பதற்காக ஃபயர்வாலை நிறுத்த மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு நிற்பவரிடம் இதே சிக்கனத்தைக் காட்டுவது அநியாயம். எந்தப் பதிப்புகளுக்கு ஆபத்து, தாக்குதல் தொடங்கிவிட்டதா, தற்காலிக மாற்று உண்டா என்ற மூன்றும் அவருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். தாக்கும் வழிமுறை மாதம் கழித்து வரட்டும்.

பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் கதை வேறு ரகம். 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது, அடிக்கடி தானாக வந்திறங்கும் ஒரு சிறு தரவுக் கோப்பு. இனி இத்தகைய கோப்புகளுக்கும் வெளியீட்டுக் குறிப்புகள் தருவதாக நிறுவனம் பின்னர் உறுதியளித்தது. அன்று குறிப்பு இருந்திருந்தாலும் முடக்கம் நின்றிருக்காது. கோளாறான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது, அதற்குள் பரவியும்விட்டது. ஆனால் முடங்கிய கணினியின் நீலத் திரையின் முன் அமர்ந்திருந்தவருக்கு எங்கே தேடத் தொடங்குவது என்றாவது தெரிந்திருக்கும்.