இன்ஜின் தங்கம், டென்ஷனர் சனியன்

நேத்து மறுபடியும் இன்ஜின் செயின் தொங்காம பிடிக்கிற டென்ஷனர பிரிச்சு மாத்துனேன். நகத்துல கிரீஸ் இன்னும் போகல, அதனால இன்னிக்கு எழுதுறதுல காரம் கொஞ்சம் தூக்கலாதான் இருக்கும், பொறுத்துக்குங்க.

சைக்கிள்ல மாட்டுற அந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் செட்டு பத்திதான். பொட்டியில 80 சிசின்னு பெருசா போட்டிருப்பாங்க, சிலிண்டர் போரு 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 38 மில்லிமீட்டர், கணக்கு போட்டா 66 சிசிக்கு மேல ஒரு சொட்டு வராது. அத விடுங்க, அது தெரிஞ்சுதான் எல்லாரும் வாங்குறோம். எனக்கு வேண்டியது ரேஸ் இல்ல. மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தையில வீடு, இப்ப பேரு பெஸ்தாரி ஜெயா, அப்பாவுக்கு மாடு இருக்கு, அதுங்க எண்ணெய் எடுக்குற செம்பனை தோட்டத்துக்குள்ள மேயுது, காலையிலயும் சாயங்காலமும் யாராச்சும் போய் பாத்துட்டு வரணும், வரும்போது புல்லுக்கட்டு ஏத்திட்டு வரணும். செம்பனைக் குலை ஏத்துற லாரி போயி போயி அந்த செம்மண் ரோடு பூரா குழி. வீட்ல ஒரு கப்சாய், அதான் சின்ன மோட்டார் சைக்கிள், இருக்கு, ஆனா அத தங்கச்சி வேலைக்கு எடுத்துட்டு போயிடும். அதுக்குதான் இந்த வேலையெல்லாம்.

அப்பா பால் மரம் வெட்ட, அதான் ரப்பர் பால் எடுக்க, போன காலத்து பெரிய சைக்கிள் ஒன்னு இருக்கு, அதுலயே மாட்டலாம்னு அவருக்கு ஆசை. ஆனா அதுல பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக் கம்பி. செட்டுல வர்ற ஸ்ப்ரோக்கெட்டுக்கு 9 ஓட்டை, 36 கம்பி இருக்குற சக்கரத்துலதான் போல்டு ஒழுங்கா கம்பிக்கு நடுவுல பூந்து உக்காரும். அதனால அந்த சைக்கிள் தப்பிச்சிச்சு. 26 இஞ்சு சாதா இரும்பு சைக்கிள் ஒன்னு எடுத்தோம், கியர் இல்ல, சஸ்பென்ஷன் இல்ல, ஃப்ரேம் நல்ல கனம்.

மொதல்ல இன்ஜின பாராட்டிடுறேன், இல்லன்னா பின்னாடி பாராட்ட மனசு வராது.

இன்ஜின் தங்கம்லா. செட்டோட வந்த பிளக்க தூக்கி போட்டுட்டு மோட்டோ கடையில என்ஜிகே பி6எச்எஸ் ஒன்னு வாங்கி மாட்டுனேன், அதோட ஸ்டார்ட்டிங் தொல்லை போச்சு. புதுசுல ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 60 மில்லிலிட்டர் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில், பழகுனதுக்கு அப்புறம் 40 மில்லி, அவ்வளவுதான் அது கேக்குறது. இன்ஜினுக்குள்ளயே 4.1 மடங்கு குறைப்பு இருக்கு, அதுக்கு மேல முன்னாடி 10 பல்லு பின்னாடி 44 பல்லு, மொத்தம் 18 மடங்கு. அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 4500 சுத்து சுத்துனா சக்கரம் 250 சுத்து, 26 இஞ்சு டயருக்கு அது மணிக்கு 31 கிலோமீட்டர் கிட்ட வரும். செம்மண் ரோட்டுல அதுக்கு மேல போனா பல்லு ஆடும். அந்த வேகத்துல புல்லுக்கட்டோட மேட்டுல ஏறுது பாருங்க, பெடல்ல கால் வெச்சு சும்மா உக்காந்திருந்தா போதும், இதுக்காகவே ஒரு நாளைக்கு ரெண்டு தடவ திட்டிக்கிட்டே அத எடுக்குறேன். அதிர்வுக்கு நட்டு லூசாகும், அது எல்லா டூ-ஸ்ட்ரோக்லயும் உள்ளதுதான், நைலான் வெச்ச நட்டு போட்டா முக்கால்வாசி அடங்கிடும். சத்தம் ஜாஸ்தி. மாட்டுங்களுக்கு அந்த சத்தம் இப்ப பழகிப்போச்சு, எக்ஸோஸ் சத்தம் கேட்டாலே தலைய தூக்கி பாக்குதுங்க, இது ஒரு வசதின்னே சொல்லலாம்.

சரி, இப்ப டென்ஷனருக்கு வருவோம்.

பாக்காதவங்களுக்காக: இடது பக்கம் இன்ஜின்லருந்து பின்சக்கரத்துக்கு ஒரு செயின் போகுது. அது தொங்காம இருக்க கீழ ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளை, அத தாங்குறதுக்கு வளைச்ச இரும்புத் தகடு, அந்த தகட்ட ஃப்ரேமோட கீழ் பைப்புல ரெண்டு போல்டு போட்டு கவ்வ வெக்கணும். அவ்வளவுதான் டிசைன். இதுல ஒரு விஷயம் பாருங்க, அந்த பைப்பு பின்னாடி போகப் போக ஒல்லியாகும். ஒல்லியாகுற பைப்புல உருண்டையா ஒரு கவ்வி போட்டு ரெண்டு போல்டுல நிறுத்தி வெக்கணும்னு யாருக்கு தோணிச்சோ தெரியல, அந்த ஆளு வாழ்க்கையில ஒரு தடவயாச்சும் இந்த சைக்கிள ஓட்டியிருக்கணும். எவ்வளவு டைட் பண்ணாலும் கொஞ்ச கொஞ்சமா திரும்பும், மாடு இழுத்து இழுத்து முளைக்குச்சி சாயுற மாதிரி, திரும்பி திரும்பி கடைசில உருளை நேரா ஸ்போக் கம்பிக்குள்ள போயிடும். போச்சுன்னா சக்கரம் அப்படியே லாக். அப்ப நீங்க எவ்வளவு வேகத்துல போறீங்களோ அதுதான் உங்க தலையெழுத்து. என் நேரம், மேட்டுல மெதுவா ஏறும்போதுதான் மாட்டிச்சு, நாலு கம்பியோட போச்சு.

இங்க எல்லாரும் சொல்றது "த்ராட்டல ஒரேடியா முறுக்காத, அதனாலதான் திரும்புது"ன்னு. அது இல்ல. நல்லா யோசிச்சு பாருங்க. இன்ஜின் இழுக்கும்போது செயினோட மேல் பக்கம்தான் விறைப்பா இருக்கும், கீழ் பக்கம் தொள தொளன்னு இருக்கும், டென்ஷனர் மேல அப்ப பெருசா பாரமே விழாது. த்ராட்டல விட்டுட்டு கிளச்ச பிடிக்காம இறக்கத்துல வந்தீங்கன்னா அப்பதான் சக்கரம் இன்ஜின இழுக்கும், கீழ் பக்கம் விறைப்பாகி உருளைய நேரா தள்ளும், தகடு அப்பதான் திரும்பும். ஸ்டார்ட் பண்ணும்போதும் அதே கததான், பெடல் மிதிச்சு கிளச்ச படக்குன்னு விடுறோம்ல, ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அந்த ரெண்டு போல்டுக்கு ஒரு அடி. நம்ம பசங்க இறக்கத்துல பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு த்ராட்டல மூடிட்டு வருவாங்க, கீழ வந்து பாத்தா டென்ஷனர் கோணிக்கிட்டு நிக்கும், உடனே இன்ஜின் பவர் ஜாஸ்தின்னு பெருமை வேற.

கவ்விக்கு உள்ள பழைய டியூப்ப வெட்டி வெக்க சொன்னாங்க. ரப்பர் இருந்தா இன்னும் நல்லாதான் நழுவும், குறிப்பா மழை சீசன்ல. பட்டறையில வெல்டிங் அடிக்கிற மாமா "கொண்டா, ஃப்ரேமோட சேத்து ஒட்டிடுறேன்"ன்னாரு, அந்த பைப்பு மெல்லிசு, சூட்டுல ஓட்டை விழுந்தா ஃப்ரேமே போயிடும்னு நான்தான் வேணாம்னேன், அவருக்கு கொஞ்சம் கோவம். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு, அதுதான் இதுவரைக்கும் உருப்படியா வேலை செஞ்சது: தகட்டோட பின்பக்கத்துலருந்து பின்சக்கர ஆக்ஸில் நட்டு வரைக்கும் ஒரு பட்டை இரும்பு. தகடு திரும்பணும்னா அந்த பட்டை வளைஞ்சாகணும். வளையாது. காசும் வாங்கல அவரு, தே தாரேக் டீ ஒன்னு வாங்கி குடுத்தேன்.

பட்டை போட்டதும் தகடு நின்னுச்சு. உடனே உருளை போச்சு. செம்மண் பூந்து உள்ள இருக்குற பேரிங் கரகரன்னு ஆகி, பிளாஸ்டிக்க செயின் அறுத்து நடுவுல பள்ளம். நேத்து மாத்துனது இதுதான். செட்டுல வர்றது மாதிரியே இன்னொன்ன வாங்காதீங்க, ஸ்கேட் சக்கரம் வாங்குங்க, அதுக்கு 608 பேரிங், 8 மில்லி ஓட்டை, 22 மில்லி வெளிவட்டம், எந்த ஹார்ட்வேர் கடையில கேட்டாலும் எடுத்து குடுப்பாங்க, ரப்பர் மூடி போட்டத கேளுங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தரு இருக்காரு, அவரு என்ன பாத்து சிரிப்பாரு. புல்லு வெட்டுற மிஷினோட இன்ஜின கழட்டி பின் டயர் மேல உக்கார வெச்சு, உருளைய டயரோட உரச விட்டு ஓட்டுறாரு. செயினே இல்ல, டென்ஷனரே இல்ல. 1946ல பிரான்ஸ்காரன் வெலோசொலெக்ஸ்னு வித்ததும் இப்படி டயர உரசி ஓடுறதுதான், அவன் முன் சக்கரத்துல வெச்சான். கணக்கும் சுலபம், 32 மில்லி உருளை ஒரு சுத்துக்கு 10 சென்டிமீட்டர் தள்ளும், 6000 சுத்துக்கு மணிக்கு 36 கிலோமீட்டர். 25 மில்லி போட்டா 28தான், ஆனா மேட்டுல ஏறும். காஞ்ச ரோட்டுல நல்லாதான் போகுது, பொறாமையா கூட இருக்கும். நம்ம ஊர்ல சாயங்காலம் ஆனா மழை. டயரு நனைஞ்சுச்சா, உருளை சும்மா சுத்தும், சைக்கிள் நிக்கும், அண்ணன் தள்ளிக்கிட்டு வருவாரு, நான் செயின் வண்டியில அவர தாண்டி போவேன். அந்த பத்து நிமிஷம் டென்ஷனர மன்னிச்சிடுவேன்.

டென்ஷனரே இல்லாம ஓட்ட முடியாதான்னு கேட்டா முடியும், பின் ஆக்ஸில் உக்காருற காடி பின்பக்கமா நீளமா இருக்குற ஃப்ரேமா இருந்தா. சக்கரத்த பின்னாடி இழுத்து செயின விறைக்கலாம். இங்கதான் சிக்கல்: ஒரே ஆக்ஸில்ல ரெண்டு செயின் தொங்குது, வலது பக்கம் பெடல் செயின், இடது பக்கம் இன்ஜின் செயின். ஒன்னுக்கு சரி பண்ணா இன்னொன்னு கோவிச்சுக்கும். அதுக்கு அரை லிங்க் வாங்கணும், ஒரே ஒரு கண்ணி மட்டும் கூட்டவோ கொறைக்கவோ விடுற துண்டு அது. ரெண்டு செயினுக்கும் ஒரு கண்ணிக்கு அரை இஞ்சுதான், சாதாரணமா ரெண்டு கண்ணியா கழட்டுனா ஆக்ஸில் 12.7 மில்லி நகரணும், அரை லிங்க் போட்டா 6 மில்லி சொச்சத்துல வேலை முடியும். இன்ஜின் செயினுக்கு அரை இஞ்சு ஆட்டம் வர்ற மாதிரி மொதல்ல ஆக்ஸில வெச்சுட்டு, பெடல் செயின அரை லிங்க்ல பொருத்திக்கணும். அடுத்து நான் அதுதான் செய்யப்போறேன், லிங்க்குக்கு ஆர்டர் போட்டிருக்கு. ஆனா பின் ஸ்ப்ரோக்கெட் கொஞ்சம் கூட ஆடாம சுத்தணும், அது கம்பிய ரப்பர் வெச்சு கவ்வுற டிசைன், ஒரு பக்கம் போல்டு கூட டைட் ஆனா செயின் ஒரு இடத்துல விறைக்கும் இன்னொரு இடத்துல தொங்கும். எதிர் எதிர் போல்டா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, சக்கரத்த சுத்திவிட்டு பக்கத்துல ஒரு பேனாவ பிடிச்சு பாருங்க. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்கிடுங்க, அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது.

ரோட்டுல ஓட்டலாமான்னு கேக்காதீங்க. 1987 போக்குவரத்து சட்டப்படி இன்ஜின் வெச்சா அது மோட்டார் வண்டி, பதிவு வேணும், இன்சூரன்ஸ் வேணும், இதுக்கு எங்கருந்து நம்பர் பிளேட்டு. ஜேபிஜேகாரன், அதான் போக்குவரத்து இலாகா ஆளு, பிடிச்சா சம்மன்தான். நான் தோட்டத்துக்குள்ள மட்டும், அதுவும் ஆபீஸ்ல சொல்லிட்டு, கேட்டுல இருக்குற ஜாகாவுக்கு, அதான் காவல்காரருக்கு, தெரியும். மெயின் ரோட்ட தாண்டணும்னா இன்ஜின அணைச்சுட்டு பெடல் மிதிப்பேன். பிரேக்க பத்தி ஒன்னு சொல்லிடுறேன், சைக்கிள் பிரேக் சைக்கிள் வேகத்துக்கு செஞ்சது, புல்லுக்கட்டோட 30ல வந்தா அது வெறும் ஆறுதல்தான். ரப்பர் கட்டைய நல்லதா மாத்துங்க.

சுங்கை பட்டாணியில இருக்குற மச்சான்தான் இத எழுத வெச்சான், "விலை கொறஞ்சிருக்கு, வாங்கவா"ன்னு நேத்து ராத்திரி, சரியா நான் அந்த உருளைய கையில வெச்சு முறைச்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டான். சொய்ச்சிரோ ஹோண்டாவே 1946ல ராணுவம் வேணாம்னு விட்ட சின்ன இன்ஜின சைக்கிள்ல மாட்டிதான் ஆரம்பிச்சாருன்னு வேற எனக்கு பாடம் எடுக்குறான். டேய், அவரு அதோட நிக்கல, போயி மோட்டோ செஞ்சாரு. ஏன் செஞ்சாருன்னு இப்ப எனக்கு புரியுது.

வாங்காத மச்சான். இன்ஜினுக்கு பத்துக்கு ஒம்போது குடுப்பேன், மேடு ஏறுறதுக்கு பத்துக்கு பத்து, பெட்ரோல் செலவுக்கு கேள்வியே இல்ல, மொத்தத்துக்கு மூணு. கூட்டிக் கழிச்சா மூணு வராதுன்னு எனக்கும் தெரியும், என் கை வலிக்குது, மூணுதான். அந்த காசுக்கு மேல கொஞ்சம் போட்டு பழைய ஹோண்டா ஈஎக்ஸ்ஃபைவ் மோட்டோ ஒன்னு எடு, டென்ஷனர் இல்லாத வாழ்க்கைய வாழு.

இல்ல, பிடிவாதமா வாங்கதான் போறேன்னா, கார்டுல காசு கட்டுறதுக்கு முன்னாடி கீழ இறங்கிப் போயி உன் சைக்கிளோட பின்சக்கரத்து கம்பிய எண்ணு. 36 இருந்தா, ஆக்ஸில் காடி பின்பக்கமா தொறந்திருந்தா, ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. அரை லிங்க்க நான் ரெண்டாதான் ஆர்டர் போட்டிருக்கேன்.