பிரெட்டி யெண்டேயின் 'எ ஜர்னி': முதல் ஆல்பத்திலேயே இவ்வளவு தைரியமா!

முதல் ஆல்பம் போடும் ஓபரா பாடகர்கள் பலரும் எல்லாருக்கும் தெரிந்த பெரிய பாடல்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும், அடுத்த வாரம் யார் பாடியது என்றே நினைவிருக்காது. தென்னாப்பிரிக்க சோப்ரானோ (உயர்ந்த பெண் குரலில் பாடுபவர்) பிரெட்டி யெண்டே 2016இல் சோனி கிளாசிக்கல் வழியாக வெளியிட்ட 'எ ஜர்னி' எனக்கு அப்படி மறக்கவில்லை. பிரபலமான பாடல்கள் இதிலும் உண்டு. ஆனால் சில பாடல்கள் அவர் வளர்ந்து வந்த வழியில் உண்மையிலேயே குறுக்கிட்டவை, அந்த நெருக்கம் குரலில் கேட்கிறது.

'லக்மே' ஓபராவின் மலர் டூயட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பியட் ரெட்டீஃப் என்ற சின்ன ஊரை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்த யெண்டே, 16 வயதில் டிவியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரத்தில் இதைக் கேட்டார். அதுவரை ஓபரா என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மறுநாள் பள்ளி ஆசிரியரிடம் போய் அது என்ன இசை, மனிதர்களால் அப்படிப் பாட முடியுமா என்று கேட்டிருக்கிறார். கணக்காளராகும் எண்ணத்தில் இருந்த பெண், அப்புறம் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப் போய்விட்டார். ஆல்பத்தில் இந்த டூயட்டை மெசோ (சற்றுத் தாழ்ந்த பெண் குரல்) கேட் ஆல்ட்ரிச்சுடன் பாடுகிறார். ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்காமல் இரண்டு குரல்களும் சேர்ந்தே மிதக்கின்றன. விளம்பரங்களில் தேய்ந்துபோன பாட்டு என்று தாண்டிப் போகாதீர்கள், முழுதாகக் கேளுங்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தை வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'லெ கோம்த் ஓரி' ஓபரா பாடலைத்தான் சொல்வேன். 2013 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அடேல் பாத்திரத்தைப் பாட வேண்டியிருந்த நினோ மச்சைட்ஸே விலகிவிட, யெண்டேயைக் கூப்பிட்டார்கள். அந்தப் பாத்திரம் அவருக்கு அதுவரை தெரியாது, பிரெஞ்சு வரிகளோடு முழுப் பாத்திரத்தையும் கற்றுக்கொள்ளக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு வாரம். எதிரே பாடுபவர் ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ், இந்த வகை ரோசினியில் அவருக்கு நிகராகச் சொல்ல அன்று அதிகம் பேர் இல்லை. போதாததற்கு முதல் நுழைவிலேயே படியில் தடுக்கி விழுந்தார். எழுந்து பாடினார், அரங்கம் கைதட்டி அவரை ஏற்றுக்கொண்டது.

அந்த இரவில் பாடிய அதே பாத்திரம்தான் இங்கே ஸ்டுடியோவில். சோகத்தில் வாடும் சீமாட்டி அடேல், துறவி வேடத்தில் வந்திருக்கும் ஓரி பிரபுவிடம் தன் மனவாட்டத்துக்கு மருந்து கேட்கிறாள், காதலித்தால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னதும் பாட்டு துள்ளத் தொடங்கிவிடுகிறது. தொடக்கத்தின் மெதுவான பகுதியில் யெண்டே அழுது வடிவதில்லை, சோகத்தைக் கொஞ்சம் ரசித்துச் சொல்கிற பெண்ணாகப் பாடுகிறார், இது நகைச்சுவை ஓபரா என்பதை அவர் ஒரு நொடியும் மறக்கவில்லை. வேகம் பிடித்த பிறகு வரும் பிருகாக்கள் நல்ல கச்சேரியில் விழுவது போலவே உதிர்ந்து விழுகின்றன, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. உச்ச சுரத்துக்குப் போகும்போது குரல் இறுகவே இல்லை. எனக்கு இந்தப் பாட்டு சலிக்கவே மாட்டேன் என்கிறது.

ரோசினியின் 'செவில்லெ நகர நாவிதன்' ஓபராவில் நாயகி ரோசினா பாடும் பாட்டில்தான் எனக்கு மனக்குறை. ரோசினி அந்தப் பாத்திரத்தைத் தாழ்ந்த பெண் குரலுக்கு எழுதினார், சோப்ரானோக்கள் சுருதியை ஏற்றிப் பாடுவது பழைய வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் இங்கே அலங்காரம் கூடிப்போய், நான் சாதுவானவள்தான், சீண்டினால் பாம்பாக மாறுவேன் என்று ரோசினா மிரட்டுகிற குறும்பு அடியில் அமுங்கிவிடுகிறது. கீழ் ஸ்தாயியிலும் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் ஜூலியட் பாடும் பாட்டு பரவாயில்லை, இளமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினிக்கு வந்தால் யெண்டே வேறு ஆள். 1833இல் வெனிஸில் முதலில் மேடையேறிய 'பியாட்ரிச்சே டி டெண்டா'வை ஓபரா அரங்குகளே அடிக்கடி எடுப்பதில்லை. முதல் ஆல்பத்தில் அதற்கு இடம் கொடுத்ததற்கே பாராட்ட வேண்டும். பெல்லினியின் ராகவரிகள் நீளமானவை, மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கேட்பவர் கவனிக்க ஆரம்பித்தால் பாட்டு போய்விடும். யெண்டேயிடம் அந்த இடம் தெரிவதே இல்லை. 2009இல் வியன்னாவின் பெல்வெடேர் போட்டியிலும் 2011இல் மாஸ்கோவில் நடந்த ஓபராலியா போட்டியிலும் முதல் பரிசு, நடுவே மிலான் லா ஸ்காலா அகாடமியில் பயிற்சி என்று அவரைப் பற்றிப் படிக்கும்போது அது வெறும் பட்டியலாக இருக்கும், இந்தப் பாட்டைக் கேட்டால் அந்த அகாடமி வருடங்கள் எதற்கு என்று புரிந்துவிடும். இத்தாலிய வார்த்தைகளின் உயிரெழுத்துகள் இவ்வளவு சுத்தமாக வருவது சும்மா வராது.

பின்னணியில் இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ராயின் தேசிய சிம்பொனி இசைக்குழு, நடத்துபவர் மார்கோ அர்மிலியாட்டோ. பாடகர் மூச்சு விட இடம் கொடுத்து, பின்னால் நின்று தாங்குகிற வாசிப்பு. சில இடங்களில் இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும் என்று தோன்றியது, குறிப்பாக ரோசினியில்.

இன்னொரு விஷயம், ஒரே மூச்சில் முழு ஆல்பத்தையும் கேட்காதீர்கள். எல்லாமே பெரிய காட்சிகள், திறமை காட்டும் பாட்டுகள், நடுவில் காதுக்கு இளைப்பாற இடம் குறைவு, அடுத்தடுத்துக் கேட்டால் டோனிசெட்டி ஓபராவின் நாயகி லூசியாவும் ஜூலியட்டும் ஒரே பெண்ணாகத் தோன்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு போதும், கேட்கும் முன் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள். ஓபரா பக்கமே போகாதவர்கள் மலர் டூயட்டில் தொடங்கி அப்படியே ஓரிக்குப் போகலாம். ஏற்கெனவே பழகியவர்கள் நேராக பியாட்ரிச்சேவுக்குப் போய்விடுங்கள், ரோசினாவைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.