எந்த ஏடிஎச் வாங்குவது: ஈஸ்ட்டா, குதிரையா, மனித மறுசேர்க்கையா?

மாதிரியில் எத்தனால் எவ்வளவு என்று அளப்பது மட்டும்தான் வேலை என்றால் ஈஸ்ட்டின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் (ஏடிஎச், எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும் நொதி) போதும். விலை குறைவு, வேகம் அதிகம். பிஎச் 9-ஐ ஒட்டிய பஃபரில் செமிகார்பசைடு சேர்த்தால், உருவாகும் அசிட்டால்டிஹைடை அது பிடித்துக்கொள்ளும். வினை பின்னோக்கித் திரும்பாது. வினையில் கூடவே உருவாகும் என்ஏடிஎச் என்ற துணைப்பொருள் ஒளியை உறிஞ்சும்; 340 நானோமீட்டரில் அது ஏறுவதைப் பார்த்துக் கணக்கை முடித்துவிடலாம்.

இதே நொதியை வைத்து மனிதக் கல்லீரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் வம்பு. 4-மெத்தில்பைரசோல் என்ற தடுப்பான் மனித வகுப்பு 1 நொதிகளை (கல்லீரலின் முக்கிய ஏடிஎச் குழு) மைக்ரோமோலார் அளவிலேயே முடக்கும். ஈஸ்ட் நொதி அதை அவ்வளவாகச் சட்டை செய்யாது. தடுப்பான் தேடுகிறவர் ஈஸ்ட்டில் சோதித்தால் நல்ல மூலக்கூறைக் குப்பையில் போட்டுவிடுவார்.

குதிரைக் கல்லீரல் நொதி அமைப்பில் மனித நொதிக்கு நெருங்கிய உறவு: இரண்டு துணையலகுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு துத்தநாகம். படிக அமைப்பு வேலைக்கு அருமை. மரபு வேறுபாடு பற்றிய கேள்விக்கு உதவாது.

அதற்கு மறுசேர்க்கை முறையில் (மனித மரபணுவை வேறு செல்லில் வைத்து) தயாரித்த மனித ஏடிஎச்1பி-தான் வேண்டும்; இது வகுப்பு 1 நொதிகளில் ஒன்று. ஆனால் ‘மனித நொதி’ என்ற லேபிள் மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். புரதச் சங்கிலியின் 48-ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலம் ஆர்ஜினினா ஹிஸ்டிடினா என்று கேளுங்கள். ஆர்ஜினின் உள்ள முதல் வகைக்கு எத்தனால் கேஎம் (நொதி பாதி வேகத்தை எட்டும் எத்தனால் செறிவு) சுமார் 0.05 மில்லிமோலார், வேகம் நிமிடத்துக்கு 4 சுற்று. கிழக்காசியாவில் பரவலான ஹிஸ்டிடின் வகைக்குக் கேஎம் சுமார் 0.9, வேகம் 350. அதாவது நிமிடத்துக்கு 0.02 உறிஞ்சல் மாற்றம் பார்க்க இரண்டாம் வகை மில்லிலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் போதும். முதல் வகைக்குக் கிட்டத்தட்ட நூறு மடங்கு வேண்டும். இது தெரியாமல் ஒரே அளவு ஊற்றிவிட்டு ‘நொதி செத்துப்போச்சு’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

ஹிஸ்-டேக் (புரதத்தில் ஒட்டவைக்கும் ஹிஸ்டிடின் வால்) வைத்துச் சுத்திகரித்ததா? அந்த முறையில் பயன்படும் இமிடசோலை டயாலிசிஸில் நீக்குங்கள். அது துத்தநாகத்தில் போய் ஒட்டும். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ வேண்டாம். சோதனைச் சேர்மத்தைக் கரைக்க எத்தனால் கூடாது. வழக்கமான கரைப்பானான டிஎம்எஸ்ஓவும் இந்த நொதியைத் தடுக்கும் என்பதால் எல்லாக் குழாயிலும் ஒரே அளவு வையுங்கள்.

நொதி உண்டு, எத்தனால் இல்லை என்ற பிளாங்க் ஒன்று கட்டாயம். அதுவே ஏறினால், மேசையை 70 சதவீத எத்தனாலில் துடைத்தவரைத் தேடுங்கள்: 0.05 மில்லிமோலார் கேஎம் உள்ள நொதிக்கு அந்த ஆவியே தீனி.