இழப்பீடு: முன்பணமாகப் பெறுவதா, இறுதித் தீர்வாகப் பெறுவதா?

விபத்தில் காயமடைந்து வண்டியும் சேதமான ஒருவருக்கு எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் தொகை எவ்வளவு என்பதைவிட, எந்தப் பெயரில் கொடுக்கப்படுகிறது என்பதே அவருடைய உரிமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 'முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்டால் வழக்கு அத்துடன் முடிகிறது. எலும்பு சரியாகக் கூடாமல் மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தாலும், மோசடியோ வற்புறுத்தலோ நடந்ததாக நிரூபித்தாலன்றி, அந்தச் செலவைக் கேட்பது மிகக் கடினம். பணம் உடனே கைக்கு வருவதும் வழக்கின் இழுபறி இல்லாததும் இதன் அனுகூலங்கள். காயம் முழுமையாக ஆறியவருக்கு இதுவே போதுமானது.

முன்பணமோ இழப்பீட்டுக் கோரிக்கையை முடித்துவைப்பதில்லை. பின்னர் தீர்ப்பாகும் தொகையில் அது பொதுவாகக் கழித்துக்கொள்ளப்படும். கொடுத்தவர் தவற்றை ஒப்புக்கொண்டார் என்றும் அதைக் காட்ட முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதிகளில் 409ஆம் விதி, மருத்துவச் செலவைக் கொடுத்ததைப் பொறுப்புக்குச் சான்றாக்கத் தடை விதிக்கிறது. ஆனால் 'என் கவனக்குறைவுதான்' என்று அப்போது சொன்ன வார்த்தைக்கு அந்த விதியில் பாதுகாப்பு இல்லை. சமரசப் பேச்சில் சொன்னவற்றைக் காப்பது 408ஆம் விதியே. பெறுபவருக்கான ஆபத்து வேறு: பணம் வந்துகொண்டிருக்கிறதே என்று வழக்குத் தொடரும் காலவரம்பைக் கோட்டைவிட்டுவிடலாம். அதனால்தான் கலிஃபோர்னியாவின் காப்பீட்டுச் சட்டம், 11583ஆம் பிரிவில், வழக்கறிஞர் இல்லாதவருக்கு முன்பணம் கொடுப்பவர் அந்தக் காலவரம்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

வண்டிச் சேதத்துக்கு மட்டும் பணம் பெற்றால் காயத்துக்கான உரிமை நிற்குமா? இங்கிலாந்தில் 1884இல் பிரன்ஸ்டன் எதிர் ஹம்ஃப்ரி வழக்கில், வண்டிக்கான இழப்பீட்டை முதல் வழக்கிலேயே பெற்றுவிட்ட ஓட்டுநர், காயத்துக்காக மீண்டும் வழக்குத் தொடரலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கைக்கும் காலுக்கும் தனித்தனியே வழக்குப் போட முடியாதவர், கால்சட்டை கிழிந்தால் மட்டும் இரண்டு வழக்குப் போடலாமா என்று தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் மறுத்தார். அவர் கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஒரே விபத்தை ஒரே வழக்குக்கான காரணமாகவே கொள்கின்றன.

ஆனால் பிரன்ஸ்டன் தீர்ப்பு செல்லும் இடத்திலும் பற்றுச்சீட்டின் வாசகம் அதை மீறிவிடும். பழுதுபார்ப்புத் தொகைக்கான சீட்டில் 'இவ்விபத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளும்' என்று அச்சாகியிருந்தால், அதை அடித்து 'வண்டிச் சேதத்துக்கு மட்டும்' என்று எழுதி, இருதரப்பும் கையொப்பமிட்ட பிறகே பணத்தைப் பெற வேண்டும்.